ட்ரம்ப் வழக்குப் போட்டு வென்றாரே, நாமும் போடலாமா?

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. உறுப்பினரின் சமூக ஊடகப் பக்கம் மூன்று கிழமைக்கு முன் முடக்கப்பட்டுவிட்டது. விதிகளை மீறியதாக ஒற்றை வரி வந்ததே தவிர, எந்தப் பதிவு, எந்த விதி என்று எதுவும் இல்லை. பழைய நினைவேந்தல் நிகழ்வொன்றில் எடுத்த படத்தின் பின்னணியில் இருந்த ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறார்கள். "ட்ரம்ப் தன்னைத் தடை செய்த கம்பனிகளுக்கு வழக்குப் போட்டுக் கோடிக்கணக்கில் வாங்கினார். நாங்களும் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டால் என்ன?" என்பது தம்பியின் கேள்வி.

போடுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ட்ரம்ப்பின் கதையை நம்பிப் போடாதீர்கள். அந்த மனிதர் நீதிமன்றத்தில் வெல்லவில்லை, தோற்றார். காசு வந்தது பிறகு, வேறு வழியில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பலரும் பேசுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ட்ரம்ப்பின் ஆதரவாளர்கள் புகுந்தார்கள். மறுநாள் பேஸ்புக் அவருடைய கணக்கைக் காலவரையறை இல்லாமல் நிறுத்தியது. 8 ஆம் திகதி டுவிட்டர் நிரந்தரமாகத் தடை செய்தது. சில நாட்களில் யூடியூபும் நிறுத்திவைத்தது. டுவிட்டரில் மட்டும் 8 கோடியே 80 லட்சம் பேர் வரை அவரைப் பின்தொடர்ந்தார்கள். டுவிட்டர் காரணமாகக் காட்டிய இரண்டு பதிவுகளையும் தனியே வாசித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்றில் தனக்கு வாக்களித்தவர்களைத் தேசபக்தர்கள் என்று புகழ்ந்திருந்தார். மற்றதில் பதவியேற்பு விழாவுக்குப் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு நாட்களுக்கு முன் நடந்த வன்முறையோடு சேர்த்து வாசித்தால் அதே கூட்டத்துக்கு இன்னொரு சைகையாகிவிடும் என்பது கம்பனியின் வாதம். ஒரு பதிவை அதன் சூழலோடு சேர்த்து வாசிப்பது சரியான முறை என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த வாசிப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் செய்கிறார்களா என்பதில்தான் சிக்கல்.

ஜூலை 7 அன்று ட்ரம்ப் புளோரிடாவில் மூன்று கம்பனிகள் மீதும் அவற்றின் தலைவர்கள் மீதும் வழக்குத் தாக்கல் செய்தார். தன்னைப் போலத் தடை செய்யப்பட்ட மற்றவர்களுக்காகவும் சேர்த்தே கேட்டார். முதல் அடி அங்கேயே விழுந்தது. கணக்குத் திறக்கும்போது நாம் வாசிக்காமலே "சம்மதம்" என்று அழுத்துகிறோமே, அந்த நிபந்தனைகளில் பிணக்கு வந்தால் கலிபோர்னியா நீதிமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. ஜனாதிபதியாக இருந்தவரைச் சாதாரணப் பயனரைப் போல அந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று அவருடைய தரப்பு வாதாடிப் பார்த்தது. நீதிபதி ஏற்கவில்லை. வழக்குகள் கலிபோர்னியாவுக்கு மாற்றப்பட்டன.

2022 மே 6 அன்று நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ டுவிட்டருக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் பேச்சுரிமையை அரசாங்கத்திடமிருந்துதான் பாதுகாக்கிறது, தனியார் கம்பனியிடமிருந்து அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மிரட்டியதால்தான் கம்பனி தடை செய்தது, ஆகவே அது அரசின் செயலே என்று ட்ரம்ப் தரப்பு சொன்னது. அரசியல்வாதிகள் சிலர் மேடையிலும் சபையிலும் பேசியதைக் காட்டினால் போதாது, அரசின் கை உள்ளே இருந்ததைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது.

அப்புறம் காலம் மாறியது. 2022 ஒக்டோபரில் எலொன் மஸ்க் டுவிட்டரை வாங்கினார். அடுத்த மாதம் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 51.8 வீதம் பேர் ஆம் என்றார்கள் என்று கணக்கைத் திறந்துவிட்டார். 2023 தொடக்கத்தில் பேஸ்புக்கும் யூடியூபும் திறந்தன. எந்த நீதிபதியும் அப்படிக் கட்டளையிடவில்லை. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் மீண்டும் பதவியேற்றார். ஒன்பதாம் நாள், 2.5 கோடி டொலர் கொடுக்க பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா உடன்பட்ட செய்தி வந்தது. பெப்ரவரியில், எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த டுவிட்டர் ஏறத்தாழ 1 கோடி டொலருக்கு இணங்கியது. செப்டெம்பரில் யூடியூப் 2.45 கோடி டொலருக்கு இணங்கியது, ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. மெட்டா கொடுத்ததில் பெரும்பகுதி ட்ரம்ப்பின் ஜனாதிபதி நூலகத்துக்கு. யூடியூப் கொடுத்ததில் பெரும்பகுதி வெள்ளை மாளிகையில் கட்டும் விழா மண்டபத்துக்கு.

இது இணக்கம், தீர்ப்பு அல்ல. இணக்கம் முன்தீர்ப்பாகாது, நாளைக்கு இன்னொருவர் அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. சட்டத்தில் தோற்ற ஒருவருக்கு, அவர் நாட்டின் தலைவரான பிறகு, அவருடைய அரசாங்கத்தோடு எத்தனையோ அலுவல்கள் உள்ள கம்பனிகள் வரிசையாக வந்து காசு கொடுத்திருக்கின்றன. பேச்சுரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைக் கொண்டாடுபவர்களைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது. படுவான்கரை உறுப்பினருக்கு எந்தக் கம்பனியும் அப்படி வந்து காசு கொடுக்கப் போவதில்லை. அவருக்குச் சட்டம் மட்டும்தான் துணை. ஆகவே சட்டம் எதைத் தரும் என்று பார்ப்போம்.

ட்ரம்ப்பின் விடயத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு தீர்மானம் உண்டு, அது நீதிமன்றத்தில் இருந்து வரவில்லை. கம்பனியின் நீக்கல், தடை முடிவுகளை மீளாய்வு செய்யும் பேஸ்புக்கின் மேற்பார்வைச் சபை 2021 மே 5 அன்று சொன்னது. தடை செய்தது சரி, ஆனால் காலவரையறை இல்லாமல் தடை செய்தது தவறு என்றது அந்தச் சபை. ஏனென்றால் அப்படியொரு தண்டனை கம்பனியின் விதிப் புத்தகத்திலேயே இல்லை. பதிவை நீக்கலாம், குறித்த காலத்துக்கு நிறுத்தலாம், நிரந்தரமாக மூடலாம். எப்போது முடியும் என்று சொல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட முடியாது. ஆறு மாதத்துக்குள் மறுபடி முடிவெடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே பேஸ்புக் அதை இரண்டு வருடத் தடையாக மாற்றியது. குற்றம் என்ன, எந்த விதியின் கீழ், எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது நம்முடைய நீதவான் நீதிமன்றத்தில் கசிப்பு வழக்குக்கும் உள்ள ஒழுங்குதானே. கம்பனிக்குச் சொந்தமான இடம் என்பதற்காக அது இல்லாமல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜேர்மனி இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. அங்கே 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றின் பக்கத்தை பேஸ்புக் முடக்கியது. அந்தக் கட்சியின் கொள்கையில் எனக்கு ஒரு துளி உடன்பாடும் இல்லை. ஆனாலும் மே 22 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தேர்தல் முடியும் வரை பக்கத்தைத் திறந்துவிடும்படி இடைக்காலக் கட்டளை கொடுத்தது. தேர்தல் காலத்தில் ஒரு கட்சிக்கு ஏற்படும் இழப்பைப் பிறகு ஈடுகட்ட முடியாது என்று கருதியது. 2021 ஜூலை 29 அன்று அந்நாட்டு உச்ச குடியியல் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: கம்பனி தனக்கென விதிகள் வைக்கலாம், சட்டம் அனுமதிக்கும் பேச்சைக்கூட நீக்கலாம், ஆனால் பதிவை நீக்கினால் அறிவிக்க வேண்டும், கணக்கை முடக்குவதானால் முன்கூட்டியே அறிவித்துக் காரணம் சொல்ல வேண்டும், பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், அந்தப் பதிலைப் பார்த்து மறுபடி முடிவெடுக்க வேண்டும். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதையொத்த கடமைகளை டிஜிட்டல் சேவைகள் சட்டம் விதித்திருக்கிறது.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. அது மீறப்பட்டால் 17, 126 ஆகிய உறுப்புரைகளின் கீழ் அடிப்படை உரிமை மனுப் போடலாம். இங்கே இரண்டு கதவுகள் சாத்தியிருக்கின்றன. ஒன்று, அந்த மனுவைக் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றம் மட்டும்தான் விசாரிக்கும். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றமோ மேல் நீதிமன்றமோ தொடாது. இரண்டாவது, மீறல் ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்தின் நடவடிக்கையால் நடந்திருக்க வேண்டும். தனியார் கம்பனி மூடியதற்கு அந்த மனு பொருந்தாது. ட்ரம்ப் எந்தச் சுவரில் முட்டினாரோ அதே சுவர்தான் நம்முடைய அரசியலமைப்பிலும் நிற்கிறது. மேலதிகமாக, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறல் என்று குடியியல் வழக்குப் போடலாமா? எழுதிக் கொடுக்க நானே தயார். ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார், அழைப்பாணையை எப்படிச் சேர்ப்பிப்பது, இங்கே சொத்தோ அலுவலகமோ இல்லாத கம்பனிக்கு எதிராகக் கட்டளை கிடைத்தாலும் அதை எப்படி நிறைவேற்றுவது என்று, அழைப்பாணை சேர்ப்பிக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் முதற்கொண்டு எல்லோரும் கேட்பார்கள். மெட்டாவின் நிபந்தனைகளில் நுகர்வோராக இருப்பவர் தன் நாட்டுச் சட்டப்படி, தன் நாட்டு நீதிமன்றத்தில் போகலாம் என்றொரு வாசகம் இருந்துவருகிறது. நல்ல விடயம். ஆனால் அரசியலுக்காகப் பக்கம் நடத்தும் ஒரு மக்கள் பிரதிநிதி நுகர்வோரா என்பதே முதல் பிணக்காகிவிடும். அந்த ஒரு கேள்விக்கே இரண்டு மூன்று தவணை போகும். அதற்குள் உங்கள் உறுப்பினரின் பதவிக் காலம் முடிந்துவிடும்.

அரசின் கை உள்ளே இருந்தால் கதை அப்படியே மாறும். இந்தியாவில் 2023 மே கடைசியில் சீமானின் டுவிட்டர் கணக்கு, சட்டக் கோரிக்கையின் பேரில் என்ற அறிவிப்போடு முடக்கப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கம்பனியின் விருப்பம் அல்ல, அரசு கேட்டு நடந்தது. அப்படி வந்தால் அரசியலமைப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே உங்கள் அறிவித்தலில் "சட்டக் கோரிக்கை" என்றோ "உங்கள் நாட்டில் மட்டும் காண்பிக்கப்படாது" என்றோ ஒரு சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் யாரையாவது பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தெரிந்து இங்கே தெரியாவிட்டால் உங்கள் வழக்கு வேறு, நேரமும் வேறு. மூன்று கிழமை போய்விட்டது என்கிறீர்கள், ஒரு மாதக் கெடுவில் மிச்சம் ஒரு கிழமைதான். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. கெடுவுக்குள் அங்கே முறையிட்டு விசாரணை நடந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மனதில் வையுங்கள்.

அரசுக்கு இந்த அதிகாரத்தை அள்ளிக் கொடுப்பதில் எனக்கு உள்ள பயம் கம்பனிகள் மீதுள்ள கோபத்தைவிடப் பெரியது. 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டத்தை அடக்க சமூக ஊடகங்களை ஒரேயடியாக முடக்கினார்கள். அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே அதை ஏற்கவில்லை. அன்றைக்கே திறக்க வேண்டி வந்தது. 2024 ஜனவரி 24 அன்று 108 க்கு 62 என்ற வாக்கில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய், எது தடைக்குரியது என்று பார்த்துப் பதிவை நீக்கச் சொல்லலாம், நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளை வாங்கலாம். கம்பனி மூடினால் பக்கம்தான் போகும். இந்தச் சட்டத்தின் கீழ் போனால் சிறையும் வரும். பேஸ்புக்கை ஒழுங்குக்குக் கொண்டுவர இதைப் பயன்படுத்தலாமே என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். முதலில் மாட்டுவது யார் என்று யோசித்துப் பாருங்கள், நினைவேந்தல் படம் போட்ட உங்கள் உறுப்பினர்தான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாமா? அம்பாறையில் நடந்ததைக் கண்ட எவராலும் அப்படிச் சொல்ல முடியாது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டிருப்பதாகக் கதை கிளப்பினார்கள். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நடுவே, சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் பயத்தில் தலையாட்டியதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் ஓடவிட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கறியில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. அதற்கிடையில் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. அந்த நாட்களில் சிங்களத்தில் வெளிப்படையாகக் கொலைக்கு அழைத்த பதிவை முறையிட்டவர்களுக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மார்ச் 7 அன்று அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. பேஸ்புக் ஒரு கிழமைக்கு மேல் மூடிக்கிடந்தது. இரண்டு வருடம் கழித்து, 2020 மேயில், பேஸ்புக் தன் தளம் இங்கே பயன்பட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டது.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் முதலில் செய்தது சமூக ஊடகங்களை நிறுத்தியதுதான். கனடாவிலும் சுவிஸிலும் இருந்த உறவுகள் வாட்ஸ்அப் கிடைக்காமல், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் துடித்தார்கள். உயிர்ப் பயத்தில் இருந்த ஊருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டதே அந்தத் தொடர்புதான்.

ஆக, நெருப்பு வைப்பவனின் பதிவு நிற்கிறது, நினைவுநாள் படம் போட்டவரின் பக்கம் போகிறது. நம்ம மொழிகளை வாசிக்கத் தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வைக்காமல், படத்தைப் பார்த்து இயந்திரம் முடிவெடுக்க விட்டால் இப்படித்தான் நடக்கும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 இலேயே பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அமெரிக்கக் கம்பனிகளின் விதிகளும் அதை ஒட்டியே போகின்றன. அதனால் மாவீரர் நாள் வரும் ஒவ்வொரு நவம்பரிலும் தமிழ்க் கணக்குகள் விழுகின்றன. ஆனால் மெட்டாவின் விதியை முழுதாக வாசித்தால், இப்படியான அமைப்புகளைப் பற்றிச் செய்தியாகச் சொல்வதற்கும், நடுநிலையாகப் பேசுவதற்கும், கண்டிப்பதற்கும் இடம் விட்டிருப்பது தெரியும். இறந்த பிள்ளைக்குத் தாய் விளக்கேற்றுவதைக் காட்டும் படம் எந்த அமைப்பையும் புகழ்வது ஆகாது என்று வாதாட அதுதான் உங்களுக்குக் கிடைத்த பிடி.

உறுப்பினரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் பவுசர் வரும் நேரம், சபை அமர்வு, வீதி விளக்கு என்று சபை அலுவலை அந்தப் பக்கத்தில் அறிவித்துக்கொண்டு, கேள்வி கேட்ட ஊராரை அதே பக்கத்தில் தடுத்திருந்தால், அவரே அரசின் கையாகப் பார்க்கப்படலாம். ட்ரம்ப் தன்னை விமர்சித்தவர்களை டுவிட்டரில் தடுத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2018 இலும் மேன்முறையீட்டில் 2019 இலும் நீதிமன்றங்கள் சொல்லின. அவர் பதவி இழந்த பிறகு அந்தத் தீர்ப்பு செல்லாதாக்கப்பட்டாலும், 2024 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கென ஓர் அளவுகோல் வகுத்தது: தடுத்த அதிகாரிக்கு அரசின் சார்பில் பேச அதிகாரம் இருந்ததா, அந்த அதிகாரத்தோடுதான் அங்கே பேசினாரா என்று பார்க்க வேண்டும். இங்கே அப்படி ஒரு வழக்கு வந்தால் நான் ஊரார் பக்கம்தான் நிற்பேன். யாரையாவது தடுத்து வைத்திருந்தால் பக்கம் திரும்பிவந்தவுடன் முதல் வேலையாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வந்த அறிவித்தலைத் திகதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, மின்னஞ்சலையும் அழிக்காமல் வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அவை சான்றாக நிற்கும். பிறகு மேன்முறையீடு. முடக்கிய கணக்குகளுக்கு மெட்டாவின் தளங்களில் 180 நாள் அவகாசம் காட்டும், அதைத் தாண்டினால் நிரந்தரமாகப் போய்விடும். உங்களுடையது வேறு தளமானால் அவகாசம் இதைவிடக் குறைவாக இருக்கலாம், திரையில் உள்ளதை வாசியுங்கள். "அநியாயம்", "திட்டமிட்ட சதி" என்று எழுதாதீர்கள். எந்தப் பதிவு, எந்த விதி என்று கேளுங்கள், படம் எந்த நிகழ்வு, யார் நடத்தியது, உறுப்பினர் அங்கே என்ன பொறுப்பில் போனார் என்று நாலு வரியில் சொல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்புங்கள். மெட்டாவில் நீக்கப்பட்ட பதிவு என்றால், கம்பனியின் கடைசி முடிவுக்குப் பிறகு தரும் இலக்கத்தை வைத்து 15 நாளுக்குள் மேற்பார்வைச் சபைக்கும் போகலாம். மிகச் சிலவற்றைத்தான் எடுப்பார்கள். ஆனாலும் நம்ம நாட்டு விடயத்தை அவர்கள் தொட்டிருக்கிறார்கள். நெருக்கடி காலத்தில் மருந்து நன்கொடை கேட்டுப் போட்ட இலங்கைப் பதிவொன்றை விட்டுவைத்தது சரி என்று 2023 இல் தீர்மானித்தார்கள்.

வெளிநாட்டில் பக்கம் தெரிந்து இங்கே தெரியவில்லை என்று உறுதியானால் மட்டும், இந்தக் கிழமை முடிவதற்குள் அறிவித்தலின் பிரதியோடு உறுப்பினரை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போங்கள். அப்படி இல்லையென்றால் வழக்குச் செலவுக்கு வைத்த காசைத் தொடாதீர்கள். மேன்முறையீட்டை அனுப்பிவிட்டு, சபை அறிவித்தல்களைச் சபைக் கட்டடத்தின் பலகையிலும் கிராம சேவகர் அலுவலகத்திலும் ஒட்டத் தொடங்குங்கள், பக்கம் வரும் வரைக்கும் சனம் தகவல் இல்லாமல் இருக்கக் கூடாது.